எம்.பி.க்களை வெட்டிய அக்கா

என் பெயர் திரிபுரசுந்தரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைச் சொன்னபோது, அங்கே எனக்கு மூத்தவரான அக்கா கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே, "அவ்ளோ நீளம் இன்னாத்துக்கு?" என்றார். அன்று மாலைக்குள் நான் ‘திரி’ ஆகிவிட்டேன். ஐயங்கார்குளத்தில் என்னைப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் மிஞ்சியது. மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொம்பள உன்ன மட்டும் விட்டு வெச்சாளே, அதுவே பெருசு" என்றாள் அம்மா.

"இது இன்னாத்துக்கு?" என்று அக்கா ஒரு நாளில் எத்தனை முறை கேட்பார் என்று கணக்கு வைக்க முடியாது. சாம்பாரில் கறிவேப்பிலை மிதந்தால் கேட்பார். "தூக்கி போடத்தானே போறே, அப்புறம் இன்னாத்துக்கு போடறே?" சட்டையின் உள்ளே தைத்திருக்கும் உபரிப் பித்தானைக் கத்தரித்து எறிவார். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். போனை எடுத்தால் "சொல்லு" என்பார். விஷயம் முடிந்ததும் அந்தப் பக்கத்தில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிடுவார். கோபமெல்லாம் இல்லை. விஷயம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் அதில் தேதி, நேரம், மண்டபம் இருக்கும் துண்டை மட்டும் கிழித்து பர்ஸில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போடுவார். அப்படி ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒரு தடவை என்னையும் வாலாஜாபாத்துக்குக் கூட்டிப்போனார். மண்டபத்தில் கீழே ஒரு கல்யாணம், மேலே ஒரு கல்யாணம். கீழே வாசலில் சந்தனம் கொடுத்தார்கள். பூசிக்கொண்டு போய்ச் சாப்பிட்டோம். வரிசையில் நின்று மேடை ஏறி, சுவர்க் கடிகாரத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்து, போட்டோவுக்கு நின்ற பிறகுதான் அக்கா என் காதோரம் சொன்னார்.

"திரி, இவன் நம்ம ஆளு இல்ல."

"அய்யோ. பத்திரிகைல பேரு பாக்கலயாக்கா?"

"பேரு எனக்குத் தெரியுமேன்னு கியிச்சிட்டேன்."

அந்த மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்தில் நாங்கள் இருவரும் இன்றைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். மேலே அசல் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போனோம். இன்னொரு தடவை சாப்பிட்டோம்.

நாங்கள் மூன்று பேர். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு சிமெண்ட் கடையின் மாடியில், மொபைல் விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். படம் வரைவது பாஸ்கர் அண்ணன். அவர்தான் முதலாளியும். காவாந்தண்டலத்தில் நெல் விவசாயக் குடும்பம். அப்பாவோடு சண்டை போட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். நிரல் எழுதுவது நான். எல்லாவற்றையும் கட்டி, சோதித்து, போனில் ஏறுகிற மாதிரி ஒரே மூட்டையாக்கி வெளியே அனுப்புவது அக்கா.

எங்கள் விளையாட்டின் பெயர் ‘ஆட்டுக்கு டிக்கெட்’. உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற டவுன் பஸ்ஸில் ஓர் ஆட்டைக் கண்டக்டர் கண்ணில் படாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சால்வை போர்த்தலாம். மடியில் வைத்துக் குழந்தை மாதிரித் தாலாட்டலாம். ஆடு கத்தினால் இருமிச் சமாளிக்கலாம். சிரிக்காதீர்கள், ஊர் ஊராக விளையாடினார்கள். நாற்பத்து மூன்று எம்.பி.தான் அதன் எடை. எம்.பி. என்பது போனில் அடைத்துக்கொள்கிற இடத்தின் அளவு. எங்கள் பக்கத்து ஆட்களின் போனில் எப்போதும் இடம் இருக்காது. மாமன் மகள் மஞ்சள் நீராட்டு வீடியோவும் காலை வணக்கம் படங்களும் நிறைந்திருக்கும். அந்தச் சந்தில் நுழைகிற அளவுக்கு எங்கள் ஆட்டை ஒடுக்கி வைத்திருந்தது அக்காதான்.

கண்டக்டரின் குரல் அக்காவின் கணவருடையது. அவரை நான் மாமா என்பேன். மாமா மைக் செட் வைத்திருந்தார். ஆட்டோவில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு, துணிக்கடைத் தள்ளுபடி முதல் தீமிதி வரை ஊரெல்லாம் அறிவிப்பார். பேச்சுதான் அவருக்குச் சாப்பாடு. காணாமல் போன ஒரு கறவை மாட்டைப் பற்றி அறிவிக்கச் சொன்னால், அந்த மாட்டின் குணநலன், நடை, அது கடைசியாகப் பார்த்த பார்வை வரைக்கும் சொல்லுவார். அக்கா அதற்கு நேர் எதிர். இவர்கள் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று நானும் பாஸ்கர் அண்ணனும் அடிக்கடி யோசிப்போம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவரு பேசுவாரு. நா இருப்பேன்" என்றார் அக்கா.

விளையாட்டில் மாமாவுக்கு அறுபத்து மூன்று வசனம். "யோவ், தும்முனது நீயா, உன் பக்கத்துல கீறவரா?" என்பார். "இன்னாமா, பையன் இந்த வயசுலயே தாடி வெச்சிக்கினு கீறான்?" என்பார். "சால்வைய இஸ்து வுடு, கொம்பு தெரியுது" என்பார். இந்த வசனங்களைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று மாட்டிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எஞ்சின் விவகாரம் வந்தது.

மொபைல் விளையாட்டை யாரும் அஸ்திவாரத்திலிருந்து கட்டுவதில்லை. படம் நகர்வது, சத்தம் வருவது, தொட்டால் திரும்பிப் பார்ப்பது, இதையெல்லாம் ஆயத்தமாகச் செய்து வைத்திருக்கும் ஒரு பெரிய மென்பொருள் உண்டு. அதைத்தான் எஞ்சின் என்பார்கள். நாங்கள் வைத்திருந்தது பழைய எஞ்சின். இனிமேல் அதில் செய்த விளையாட்டுகள் புதுப் போன்களில் ஏறாது, எல்லாரும் புதுசுக்கு மாற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அதே சமயம் சென்னையிலிருந்து எழிலரசன் என்று ஒரு மொத்த வியாபாரி பேசினார். மலிவு விலைப் போன்களைக் கிராமத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர். எங்கள் விளையாட்டைப் போனிலேயே ஏற்றி விற்கிறேன் என்றார். இரண்டே நிபந்தனை. புது எஞ்சினில் இருக்க வேண்டும், ஐம்பது எம்.பி.யைத் தாண்டக் கூடாது. சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பாஸ்கர் அண்ணனுக்கு இது வாழ்வா சாவா. இதுவும் நடக்கவில்லை என்றால் அறுவடைக்கு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

எஞ்சினை மாற்றியது நான். இரண்டு நாள் உட்கார்ந்து, பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குச் சாமான் தூக்குவது போல எல்லாவற்றையும் எடுத்துப்போய் வைத்தேன். திங்கட்கிழமை காலை அக்கா மூட்டை கட்டினார். எடையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

தொண்ணூற்றெட்டு எம்.பி.

"அதே ஆடு. அதே பஸ்ஸு" என்றார் அக்கா. "ரெண்டு நாள்ல இன்னாத்த தின்னுச்சு?"

"புது எஞ்சின் கொஞ்சம் கனம்னு சொல்றாங்கக்கா."

"கொஞ்சமா? புள்ளத்தாச்சி மாதிரி வந்து நிக்குது."

அதை அவர் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். அன்றே கத்தரியைக் கையில் எடுத்தார். சாலையோரத்தில் பன்னிரண்டு வகை மரம் இருந்தது. இரண்டாக்கினார். "பஸ்லருந்து பாக்கசொல்ல எல்லாம் பச்சையாத்தான் தெரியும்." பின்னால் இருந்த மூன்று சீட்டைக் கழற்றினார். டிரைவருக்குக் கால் கிடையாது என்று முடிவு செய்தார். "எவன் குனிஞ்சு பாக்கப்போறான்?" கடைசிக் கட்டத்தில் ஒரு திருவிழா வரும். அது பாஸ்கர் அண்ணன் உயிரைக் கொடுத்து வரைந்தது. அதில் நின்ற முப்பது பேரை ஐந்து பேராக்கினார்.

"யக்கோவ், அஞ்சு பேரு நின்னா அது திருவிழாவா? ரேசன் கடைக் க்யூ கூட இத்தவிட பெருசு" என்று பாஸ்கர் அண்ணன் அழாத குறையாகச் சொன்னார்.

விசித்திரம் என்னவென்றால், ஆட்களைத் தூக்கியும் எடை இறங்கவில்லை. ‘கூட்டம்’ என்ற பெயரில் படங்கள் பட்டியலில் அப்படியே கனத்துக்கொண்டு நின்றன. திருவிழா மிச்சத்தில் கை வைக்கக் கூடாது என்று பாஸ்கர் அண்ணன் சத்தியம் வாங்கியிருந்ததால் அக்கா அந்தப் பக்கம் மேற்கொண்டு போகவில்லை. வேறு எதையெல்லாம் வெட்டலாம் என்று தேடப் போய்விட்டார்.

அன்று மாலை மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தோம். "இன்னிக்கி நாலு எம்.பி.யயாவது வெட்டிட்டுத்தான் வூட்டுக்கு போவேன்" என்று அக்கா சொன்ன மறு நிமிஷம், கீழே சிமெண்ட் கடைக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்து வாசலில் நின்றார்.

"நைனா பாஸ்கரு, வாடகைக்கு வுட்டுகீறேன், தப்பு இல்ல. அரசியல் மட்டும் வேணாம். நாளைக்கி போலீஸு வந்தா கல்லாவுல நான்தான் குந்தினு இருப்பேன்."

அவருக்கு விஷயத்தை விளக்க அரை மணி நேரம் ஆனது. அப்போதும் பாதிச் சந்தேகத்தோடுதான் இறங்கிப்போனார்.

செவ்வாய்க்கிழமை அக்கா எழுத்துகளிடம் வந்தார். விளையாட்டில் வருகிற தமிழ் எழுத்துகளை எல்லாம் ஒரே சதுரப் படத்தில் அடுக்கி வைத்திருப்போம். புது எஞ்சினில் அந்தச் சதுரம் போதவில்லை. நாலைந்து எழுத்துக்கு இடமில்லாமல் இரண்டாவதாக ஒரு முழுச் சதுரம் கிளம்பியிருந்தது. ‘ஔ’வையும் ஆய்த எழுத்தையும் எடுத்தார். போதவில்லை. புள்ளியையே எடுத்துவிடலாம் என்றார்.

"கல்வெட்டுக் கோயில்ல போய் பாரு. செவரு பூரா எயுதிகீறான், ஒரு புள்ளி வெச்சானா? வார்த்தைக்கு நடுவுல எடம் வுட்டானா? அவன் வேலக்காரன்."

"புள்ளிய எடுத்தா டிக்கெட் ‘டிககெட’ ஆயிடும்கா" என்றேன்.

சற்று யோசித்தார். பிறகு திரையில் ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இத்த எடுத்துடலாம்."

அது ‘ழ’.

பாஸ்கர் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "தமியோட செறப்பே அதாங்கா!"

"இன்னா சொன்ன?"

"தமியோட…" என்று ஆரம்பித்த பாஸ்கர் அண்ணன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பாத்தியா, ஒனக்கே வரல. இந்த ஊர்ல யாருக்கு வருது? வராத எயுத்துக்கு எடம் இன்னாத்துக்கு?"

அன்று மாலைக்குள் விளையாட்டில் மழை ‘மய’ ஆனது, கிழவி ‘கெயவி’ ஆனாள், கீழே இறங்கு என்பது ‘கீய எறங்கு’ ஆனது. வாழைப்பழத்துக்கு இரண்டு இடத்தில் அடி. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், பஸ் பயணிகள் முன்னைவிட அசலாகப் பேசினார்கள்.

அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான், அக்கா கிளம்பிப்போன பிறகு, எடை இறங்காத அந்தக் ‘கூட்டம்’ கோப்புறையை நான் திறந்து பார்த்தேன்.

உள்ளே இருந்தது திருவிழாக் கூட்டம் இல்லை. பாஸ்கர் அண்ணன் மகளின் காதுகுத்து ஆல்பம்.

நூற்றுக்கும் மேற்பட்ட போட்டோ. மொட்டை அடித்த குழந்தை மாமன் மடியில் வாயைப் பிளந்து அலறுகிறது. சீர் வரிசைத் தட்டுகள். பந்தியில் இலை மேல் குனிந்திருக்கும் உறவினர்கள். திருவிழாவில் நிற்கும் ஆட்களின் முகத்தை வரைவதற்கு மாதிரியாக இருக்கட்டும் என்று பாஸ்கர் அண்ணன் எப்போதோ அந்த ஆல்பம் முழுவதையும் கொண்டுவந்து, ‘கூட்டம் 1’, ‘கூட்டம் 2’ என்று பெயர் வைத்துப் போட்டிருக்கிறார். பழைய ஏற்பாட்டில் அது ஓர் ஓரத்தில் கிடந்தது, மூட்டையில் சேரவில்லை. சாமான் தூக்கும்போது பெயரைப் பார்த்து, ஏதோ முக்கியமான படங்கள் என்று நான்தான் எடுத்துப்போய், எது வைத்தாலும் அப்படியே மூட்டைக்குள் போகிற இடத்தில் வைத்திருக்கிறேன். எஞ்சின் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றியிருந்தது உண்மை. மிச்சமெல்லாம் காதுகுத்து.

உடனே போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். அக்கா திட்டமாட்டார். "நீ இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம். நாளைக்கு யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அக்கா என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

அந்தப் புதன்கிழமைதான் மாமாவின் குரலை வெட்டினார்.

என் பக்கத்தில்தான் நடந்தது. அறுபத்து மூன்று வசனத்தையும் காதில் மாட்டிக் கேட்டார். ஒவ்வொன்றாக அழித்தார். நாலு மிஞ்சியது. ‘டிக்கெட்’, ‘ரைட்’, ‘எறங்கு’, ‘ஆடா?’ இதை வைத்துக்கொண்டே ஒரு கண்டக்டர் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. நாங்கள் செய்கிற மாற்றத்துக்கெல்லாம் பழைய பிரதி ஒன்று பத்திரமாக இருக்கும். ஒலிக்கு மட்டும் கிடையாது. ரொம்ப இடம் அடைக்கிறது என்று அவற்றை அக்காவே தன் கணினியில் மட்டும் வைத்திருந்தார். அங்கேயும் அழித்தார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் கையைத் தடுத்திருக்கலாம். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் மாமா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். வழக்கம்போல மேஜை மேலிருந்த போனை எடுத்துப் புது விளையாட்டைத் திறந்தார். தன் குரலைக் கேட்பது அவருக்குப் பிடிக்கும். வேண்டுமென்றே ஆட்டைத் தும்ம விட்டார். கண்டக்டர் வந்து "ஆடா?" என்றார். மாமா காத்திருந்தார். மறுபடி தும்ம விட்டார். "ஆடா?"

"மிச்சம் எங்க?" என்று அக்காவைக் கேட்டார்.

"எடுத்துட்டேங்க."

"எத்தினி எம்.பி.?"

"ஏயு."

மாமா போனை மெதுவாக மேஜை மேல் வைத்தார். "பன்னண்டு வருசம் பேசிகீறேன். ஏயு எம்.பி. கூடப் பெறலயா?"

கேரியரை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் இருந்ததாம். பதிவு செய்த சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டே ஊரைச் சுற்றினாராம். ஊரில் யாராவது செத்துவிட்டார்களா என்று நாலைந்து பேர் விசாரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தபோது முகம் சரியில்லை. கேட்காமலே அவர் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"நேத்து ராத்திரி ஆட்டுக்கறி வெச்சேன். மூடிய தொறந்து பாத்துட்டு ‘ஆடா?’ன்னாரு. அவ்ளோதான். காலைல தோச வேணுமான்னு கேட்டேன். ‘ரைட்’டுன்னாரு. வண்டில கொண்டாந்து வுட்டாரா, வாசல்ல வந்ததும் ‘எறங்கு’ன்னாரு."

பாஸ்கர் அண்ணன் குபீரென்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, பொத்திக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"வூடு சத்தமே இல்லாம கீது, திரி" என்றார். "கொயாயில தண்ணி சொட்டறதெல்லாம் கேக்குது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ‘கூட்டம்’ கோப்புறையைத் திறந்து அவர் பக்கம் திரையைத் திருப்பினேன். மொட்டைத் தலைக் குழந்தை அலறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்கர் அண்ணன் எட்டிப் பார்த்து, "அட, எங்க பெரியப்பா!" என்றார்.

அக்கா படம் படமாகப் பார்த்தார். "எப்போ பாத்த?"

"செவ்வாக்கெழம."

"மூணு நாளு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆல்பத்தை எடுத்துவிட்டு மூட்டை கட்டினோம். முப்பத்தைந்து எம்.பி.க்கு வந்து நின்றது. மரம், சீட்டு, டிரைவர் கால், திருவிழா ஜனம் எல்லாரையும் பழைய பிரதியிலிருந்து திரும்ப அழைத்து வந்தும் ஐம்பதைத் தொடவில்லை. எதையுமே வெட்டியிருக்க வேண்டியதில்லை. ‘ழ’வை மட்டும் திரும்பச் சேர்க்க அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கொள்கை என்றார். குரலைச் சேர்க்க வழியில்லை.

சனிக்கிழமை எழிலரசன் வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான மனிதர். எடையைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. போனை வாங்கித் தன் பெயரை அடித்து ஆட்டத்தைத் தொடங்கினார். திரையில் பெரிய எழுத்தில் வரவேற்பு வந்தது. ‘வணக்கம், எ’ என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு வெற்றுக் கட்டம், பிறகு ‘லரசன்’. அந்தக் கட்டத்தின் தலையில் ஒரு கொக்கி மட்டும் தனியாகத் தொங்கியது.

"இன்னா மேடம் இது, என் பேர்ல ஜன்னல் வெச்சிகீறீங்க?"

அக்கா அசரவில்லை. "அந்த எயுத்து கொஞ்சம் வெயிட்டு சார்."

பாஸ்கர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே அவருக்கு ஊர் அறுவடை தெரிந்திருக்க வேண்டும். எழிலரசன் ஆட்டத்தைத் தொடர்ந்தார். கண்டக்டர் வந்தார். "டிக்கெட்." போனார். வந்தார். "ஆடா?" எழிலரசன் நிமிர்ந்தார்.

"பேர கூட வுட்டுடறேன். இந்த கண்டக்டருக்கு இன்னா ஆச்சு? எங்க வூட்ல சின்னது பெருசு எல்லாம் அவரு பேசறத கேட்டுத்தான் சிரிச்சிக்கினு இருப்பாங்க. நா அதுக்காவத்தானே இவ்ளோ தூரம் வந்தேன். இவரு பேசலன்னா எனக்கு வேணாங்க. திங்கக்கெயமைக்குள்ள ரெண்டயும் சரி பண்ணி அனுப்புங்க, பாக்கலாம்."

அவர் போனதும் நான் ஒரு யோசனை சொன்னேன். பழைய விளையாட்டு இன்னும் எத்தனையோ போனில் இருக்கிறது. அதிலிருந்து குரலை உருவி எடுத்துவிடலாம். ஒரு மணி நேர வேலை. மாமாவைக் கேட்கவே வேண்டியதில்லை.

அக்கா பையை எடுத்துக்கொண்டு, "வேணாம் திரி. போய் கேக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் கடை லீவு. வெளிச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் பாஸ்கர் அண்ணன் கொண்டுவந்த கம்பளிகளைத் தொங்கவிட்டு, மைக்கை மேஜை மேல் வைத்திருந்தோம். அக்காவும் மாமாவும் வண்டியில் வந்தார்கள். மாமா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"வசனம் எல்லாம் எயுதியாந்துகீறேன்" என்று அக்கா ஒரு நோட்டை நீட்டினார். ஞாபகத்திலிருந்தே எழுதியிருந்தார். அறுபத்து மூன்றும் இருந்தது.

மாமா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "ரைட்" என்றார். நோட்டை மூடி மேஜை மேல் வைத்தார்.

அக்கா எங்களைப் பார்த்தார். பிறகு மாமாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நான் அவரோடு மூன்று வருடம் வேலை பார்த்தேன். அந்த மூன்று வருடத்தில் பேசியதைவிட அன்று அதிகம் பேசினார். தப்புதான் என்றார். ஒரு தபா கேட்டிருக்கணும் என்றார். காலையில் எழுந்ததும் கனவு கண்டதை நீ சொல்லுவியே, மூணு நாளா அது இல்லாமல் டீயே குடிக்க முடியலை என்றார். அந்தக் கறவை மாட்டுக் கதையை நான் காதில் வாங்கலைன்னு நினைச்சிக்கினு இருக்கியா, எனக்கு அது தலையிலிருந்து வால் வரைக்கும் தெரியும் என்றார். ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர் எப்போது ‘நீ’க்கு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. சொன்னதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். மூச்சு வாங்கி நிறுத்தினார்.

மாமா அவரை உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆன் பண்ணும்மா" என்றார்.

அடேயப்பா, மூன்று நாள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. நோட்டை அவர் பார்க்கவே இல்லை. அறுபத்து மூன்று எங்கேயோ பின்னால் போய்விட்டது. ஆட்டின் பூர்வீகத்தை விசாரித்தார். ஆட்டுக்கு சீனியர் சிட்டிசன் பாஸ் இருக்கிறதா என்று கேட்டார். "எம்மா, ஒம்பையன் என் டிக்கெட்டு புக்க தின்னுக்கினு கீறான், ஆஸ்பத்திரிக்கி தூக்கினு போ" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன், நிறுத்தட்டுமா என்று. வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

கடைசியாக மாமா ஆட்டை நேருக்கு நேர் பார்ப்பது போல மைக்குக்குக் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "சார், நீங்களாவது உண்மைய சொல்லுங்க, நீங்க ஆடா?" என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஸ்டூலோடு சேர்ந்து ஆடிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த வருடமே மலிவு போன்களில் எங்கள் ஆடு ஏறியது. எழிலரசனின் பெயர் முழுசாக வந்தது. பாஸ்கர் அண்ணன் அறுவடைக்குப் போகவில்லை. ஒரு வருடம் கழித்து அக்காவுக்குச் சென்னையில் பெரிய இடத்தில் வேலை கிடைத்தது. மாமாவும் மைக் செட்டோடு கூடவே போனார். எப்போதாவது அக்காவும் நானும் போனில் பேசுவோம். இன்னும் பாதியில்தான் வைக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதிவை மறுநாள் அவர்தான் வெட்டி ஒட்டினார். இருமல், நாற்காலிச் சத்தம், பாஸ்கர் அண்ணன் மூக்கு உறிஞ்சியது எல்லாம் போயிற்று. கடைசி வசனத்துக்கு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மாமா கேட்டு முடித்ததுமே பின்னால் அக்காவின் சிரிப்பு. சிரிப்புக்கு முன்னால் கோடு போட்டார். விரலை அழிக்கும் பட்டன் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டார். அப்புறம் விரலை எடுத்துவிட்டார்.

இன்றைக்கும் அந்தக் கட்டம் வரை போனால் கேட்கலாம். கண்டக்டர் ஆட்டிடம் உண்மையைக் கேட்பார். உடனே பஸ்ஸுக்குள் ஒரு பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். பின் சீட்டில் யாரோ ஒரு பயணி என்றுதான் விளையாடுகிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.